ராத்திரிக்கு என்ன?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரண் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைச் சாமான்கள், ஓட்டை விழுந்த இட்லிக் குண்டான், அப்பாவின் கல்யாண சூட்கேஸ் எல்லாவற்றுக்கும் அடியில் 2012ஆம் வருடத்து டைரி ஒன்று கிடந்தது. ஏதோ ஒரு கடையில் இலவசமாகக் கொடுத்தது. உள்ளே அம்மாவின் கையெழுத்து. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளுக்கு யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம். நடுவில் ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தது:

திங்கள் இட்லி. செவ்வாய் தோசை. புதன் ஊத்தப்பம். வியாழன் சப்பாத்தி, குருமா. வெள்ளி கோதுமை ரவை உப்புமா. சனி அடை. ஞாயிறு மாவு ஆட்டணும்.

தலைப்பு 'ராத்திரி'. புதன்கிழமைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: "சின்னவனுக்குப் பிடிக்கல. வெங்காயம் நிறைய."

சின்னவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தட்டைப் பார்த்ததும் "இன்னிக்கும் தோசையா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு ஒரு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வரலாறு படிக்கிறவன் கையில் இப்படி ஒரு ஆவணம் கிடைத்தால் சும்மா விடுவானா? விடுதிக்குத் திரும்பியதிலிருந்து இந்த ஏழு வரிகள்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பட்டியல் எப்போது பிறந்தது? திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று ராத்திரிச் சாப்பாடு மாறியே ஆகவேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்?

முதலில் அப்பத்தாவிடம் கேட்டேன். எங்கள் அப்பத்தா நத்தம் பக்கத்து மானாவாரி கிராமத்துக்காரர். எழுபத்தெட்டு வயது. "நீங்க சின்ன வயசுல ராத்திரிக்கு என்ன சாப்டுவீங்க?" என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சோறுதான்" என்றார். "என்ன சோறு அப்பத்தா?" "வீட்ல என்ன இருக்கோ அந்தச் சோறு. சோளம் இருந்தா சோளச்சோறு. சாமை இருந்தா சாமைச்சோறு. பொழுது சாய உலை வச்சா ராத்திரிக்குச் சுடுசோறு. மிச்சத்துல தண்ணிய ஊத்துனா காலைக்குப் பழையது, மத்தியானத்துக்கும் அதுதான்." அவ்வளவுதான் மொத்த மெனுவும். உழைக்கிற குடும்பங்களில் ஒரு நாளைக்கு அடுப்பு மூட்டுவதே ஒரு முறைதான், அது சாயங்காலம். ஆகவே அன்றைக்கு இரவுச் சாப்பாடுதான் முக்கியமான சாப்பாடு. இன்றைக்கு அது மாறி, மத்தியானம் சோறு, ராத்திரி 'டிபன்' என்றாகிவிட்டது.

தமிழ் நாட்டில் உணவு வகைக்குப் பஞ்சம் இருந்தது என்று சொல்லவரவில்லை. பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால் எயினர் வீட்டில் ஒரு சாப்பாடு, இடையர் வீட்டில் ஒன்று, உழவர் வீட்டில் ஒன்று, வலைஞர் வீட்டில் ஒன்று என்று பாணனுக்கு வழி நெடுகப் பரிமாறுகிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். அங்கே சாப்பாடு மாறுவது நிலம் மாறுவதால். ஒரே வீட்டில் செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை வேறொன்று என்று மாறுவதில்லை. ஊர் சுற்றுகிற பாணனுக்குத்தான் வெரைட்டி. வீட்டிலேயே இருக்கிறவர்களுக்கு வரகென்றால் வரகுதான்.

அப்படியென்றால் இட்லி, தோசை பழையது இல்லையா என்று கேட்பீர்கள். பழையதுதான். உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அச்சயா, பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகே' வருவதைக் காட்டுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு மானசோல்லாசத்திலும் இட்லிக்கு உறவான ஒரு பண்டம் வருகிறது. பண்டம் பழையது என்பதால் பழக்கமும் பழையது என்று ஆகிவிடாது. கேக் கூடத்தான் எத்தனையோ வருடமாக இருக்கிறது, நாம் தினமும் ராத்திரி கேக்கா சாப்பிடுகிறோம்? எங்கள் அப்பத்தா வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். விருந்தாளி வந்தால் தோசை. வயதானவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள்.

காரணம் அரிசி, உளுந்து விலை மட்டுமில்லை, ஆட்டுக்கல்லும்தான். ஊறிய உளுந்தைக் குழியில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட்டுப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். அப்புறம் அரிசி. பெரிய குடும்பம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்த பெண் எந்த இரண்டு மணி நேரத்தில் இதைச் செய்வாள்? வருடத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் சரி. தினமும் என்றால் நடக்கிற காரியமா?

ராத்திரியில் சோறில்லாமல் பலகாரம் சாப்பிடும் வழக்கம் வேறொரு வழியாக ஏற்கனவே உள்ளே வந்திருந்தது. அமாவாசை, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறவர்கள் 'ஒருபொழுது' இருப்பார்கள். பகலில் ஒரு வேளை சோறு, ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான். ஃபலாஹாரம் என்ற வடமொழிச் சொல்தான் பலகாரமானது. பெயருக்குப் பழ உணவு. நடைமுறையில் இட்லி, தோசை, உப்புமா. (விரதம் என்று சொல்லிக்கொண்டு எட்டு இட்லி சாப்பிடுகிற மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு.) ஆக, வசதியுள்ள சில வீடுகளில் மாதத்தில் சில ராத்திரிகள் அரிசிச் சோறு இல்லாத ராத்திரிகளாக ஏற்கனவே இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நாற்பதுகளுக்கு வருவோம். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. சென்னை மாகாணத்துக்குக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ரேஷன் வந்தது. அரிசி மட்டுமே போட முடியாமல் கூடவே கோதுமையும் வர ஆரம்பித்தது. பெங்களூரில் எம்.டி.ஆர். ஓட்டலார் தங்கள் ரவா இட்லி பிறந்ததே இந்த யுத்தகாலத்து அரிசித் தட்டுப்பாட்டில்தான் என்று சொல்வார்கள். தட்டுப்பாடு ஒரு புதுப் பலகாரத்தைப் பெற்றுப் போட்டிருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகும் கட்டுப்பாடு தொடர்ந்தது. 1952ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து அதை நீக்கினார்.

பத்து வருடம் மூச்சு விட்டோம். அப்புறம் அறுபதுகள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

1954ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். பொதுச் சட்டம் 480. சுருக்கமாக பி.எல். 480. அவர்களிடம் கோதுமை மலை போல் குவிந்து கிடந்தது. அதை நட்பு நாடுகளுக்கு, டாலர் இல்லாமல் அந்தந்த நாட்டுப் பணத்திலேயே விற்பது என்பது திட்டம். 1956ல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1965லும் 1966லும் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது நாடே அந்தக் கோதுமையை நம்பித்தான் இருந்தது. 1966ல் மட்டும் வெளியிலிருந்து வந்த தானியம் ஏறக்குறைய ஒரு கோடி டன். அதிபர் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் சிறிது சிறிதாகப் பிடித்துப் பிடித்து விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று இந்த நிலைமையைச் சொல்வார்கள்.

இதற்கு முன்பே, 1965ல், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்றார். அந்த ஒரு வேளை எது தெரியுமா? திங்கட்கிழமை ராத்திரி. பல ஊர்களில் திங்கட்கிழமை சாயங்காலம் ஓட்டல்களை மூடினார்கள். 'சாஸ்திரி விரதம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அம்மாவின் பட்டியலில் திங்கட்கிழமை என்ன இருக்கிறது என்று மேலே போய்ப் பாருங்கள். இட்லி. ஒரு பிரதமர் காலியாக வைக்கச் சொன்ன அதே ராத்திரி!

நம் பக்கத்தில் அரிசி அரசியலாகவே ஆனது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. பேசியது. காங்கிரஸ் தோற்றதற்கு இந்தி எதிர்ப்போடு அரிசித் தட்டுப்பாடும் ஒரு பெரிய காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டுப் பார்த்தார். அந்தச் செலவை அரசாங்கத்தால் மாநிலம் முழுக்கத் தாங்க முடியவில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான், 1966ல், அப்பத்தாவுக்குக் கல்யாணம். "ரேஷன்ல கோதுமை போட்டாங்கய்யா. அதை என்ன பண்றதுன்னு யாருக்குத் தெரியும்? வறுத்து, திருகையில ஒடைச்சு, கஞ்சி காச்சுனோம். வாயில வைக்க முடியல. உங்க தாத்தா தட்டைத் தள்ளி வச்சிட்டுப் போய்ட்டாரு." சப்பாத்தி? "அதெல்லாம் பட்டாளத்துக்குப் போய்ட்டு வந்தவுக வீட்டுல" என்றார். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ராணுவம், ரயில்வே, டில்லி, பம்பாய் உத்தியோகம் என்று வடக்கே போய் வந்தவர்கள் வீட்டில்தானே பூரிக்கட்டை இருந்திருக்கும்? அதே காலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கோதுமை அறிமுகமானது. காமராஜரின் மதிய உணவுக்கு 1961லிருந்து 'கேர்' என்ற அமெரிக்க உதவி அமைப்பு கோதுமை ரவை, மக்காச்சோள மாவு, பால் பவுடர் எல்லாம் அனுப்பியது. அந்தத் தலைமுறைக்காரர்களிடம் பள்ளிக்கூட உப்புமா பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாசனையோடு சொல்வார்கள்.

சரி, வந்த கோதுமை ஏன் நேராக ராத்திரியில் போய் உட்கார்ந்தது? மத்தியானத்துக்கு ஏன் வரவில்லை? இங்கே என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன். மத்தியானம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் சொந்தமான நேரம். அவை மூன்றும் சோறு இல்லாமல் நிற்காது. ராத்திரியில் மட்டும்தான் ஏற்கனவே சோறு இல்லாத ஒரு இடம், அந்த ஒருபொழுதுப் பலகாரத்தின் இடம், காலியாக இருந்தது. கோதுமை அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் சர்க்கரை வியாதி வந்தவர்களிடம் "ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்று சொல்லும் வழக்கம் வந்ததும் அந்த இடம் நிரந்தரமாகிவிட்டது. (அளவு பார்க்காமல் ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் அதுவும் சர்க்கரைதான். இதை எங்கள் பெரியப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.)

இன்னொரு வேடிக்கை. இந்தியாவைக் கோதுமையில் தன்னிறைவு அடையச் செய்ததில் முக்கியமான இரண்டு பேர் தமிழர்கள். உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். இரண்டு பேருமே அரிசிச் சோற்றில் வளர்ந்திருக்க வேண்டிய ஊர்க்காரர்கள். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக விதைக் கோதுமை இறக்குமதி ஆனது. சி.எஸ். தன்னுடைய டில்லி வீட்டுத் தோட்டத்திலேயே அதைப் பயிரிட்டுக் காட்டினார். 1968ல் விளைச்சல் எகிறியது, அரசாங்கம் தபால்தலை வெளியிட்டுக் கொண்டாடியது. அம்மாவின் டைரியில் வியாழனும் வெள்ளியும் இப்படி வந்தவை.

இனி திங்கள், செவ்வாய், புதன். அதற்குக் கோயம்புத்தூர் போகவேண்டும்.

1932ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததிலிருந்து கோவை மில்களின் ஊர். மில் இருந்தால் ரிப்பேர் பட்டறை, வார்ப்படச்சாலை எல்லாம் வரும். 1937ல் ஜி.டி.நாயுடு அங்கே மின் மோட்டார் தயாரித்தார். மோட்டார் இருக்கிறது, இரும்பு வார்ப்பவர் இருக்கிறார், ஊத்துக்குளிப் பக்கம் நல்ல கருங்கல் கிடைக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்தால் என்ன வரும்? 1955ல் கோவையில் பி.சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அதில் ஒரு சின்னத் தலைகீழ் மாற்றம் உண்டு. ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நின்ற இடத்தில் நிற்கும். குழவியைச் சுற்றிய பெண்ணின் கைக்கு அங்கே வேலை இல்லை. ஆரம்பத்தில் அது ஓட்டல்காரர்களின் இயந்திரம். அப்புறம் தெருமுனையில் 'இங்கு இட்லி மாவு அரைத்துத் தரப்படும்' போர்டு. அப்புறம் மெல்ல மெல்ல வீடு. பிற்காலத்தில் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பிரஷர் குக்கர், மிக்ஸி, கேஸ் அடுப்பு எல்லாமே வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எனக்கு இப்போது மாவுதான் முக்கியம்.

ஏனென்றால் அம்மாவின் பட்டியலில் முதல் மூன்று நாட்கள் மூன்று பலகாரங்கள் இல்லை, ஒரே மாவின் மூன்று வயதுகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டிய மாவு ராத்திரி முழுக்கப் பொங்குகிறது. அதிலிருக்கிற நுண்ணுயிர்கள் (லியூகோநாஸ்டாக் என்று ஒரு வகை இதில் முக்கியம்) கரியமில வாயுவை விடுகின்றன, உளுந்தின் வழவழப்பு அந்தக் குமிழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. திங்கட்கிழமை மாவு நிறையக் காற்று. அதனால் இட்லி. செவ்வாய்க்கிழமைக்குள் கரண்டி போட்டுப் போட்டுக் காற்று இறங்கிவிடும், புளிப்பு ஏறும். தோசைக்கு உப்பல் தேவையில்லை, சிவக்கத்தான் வேண்டும். அதனால் தோசை. புதன்கிழமை மாவு நன்றாகவே புளித்துவிடும். அந்தப் புளிப்பை மறைக்க வெங்காயம், பச்சைமிளகாய். அதுதான் ஊத்தப்பம். இன்னும் மிச்சமிருந்தால் குழிப்பணியாரம். 'வெரைட்டி' என்று நாம் சொல்வதில் பாதி, கெட்டுப்போவதற்குள் ஒன்றைத் தீர்க்கிற சாமர்த்தியம். மிஞ்சிய இட்லியை மறுநாள் உதிர்த்துத் தாளித்து இட்லி உப்புமா பண்ணுவதும் அதில் சேர்த்திதான்.

எனக்குப் பிடிக்காத ஊத்தப்பத்தின் பின்னால் இவ்வளவு கணக்கு இருந்திருக்கிறது. "வெங்காயம் நிறைய" என்ற குறிப்பின் அர்த்தமும் இப்போதுதான் புரிகிறது. மாவை மாற்ற முடியாது. என்னையும் மாற்ற முடியவில்லை. வெங்காயத்தைத்தான் மாற்ற முடிந்தது.

ஆனால் சாமான் இருப்பதும் இயந்திரம் இருப்பதும் மட்டும் போதாது. 'ராத்திரிக்கு என்ன?' என்று ஒருத்தி தனியாக நின்று யோசிக்கவும் வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் அந்தக் கேள்வி மருமகளிடம் வருவதே இல்லை. மாமியார் சொல்வார், அல்லது தோட்டத்தில் காய்த்தது சொல்லும். கல்யாணமாகி வெளியூரில் தனிக்குடித்தனம் போன பெண்களுக்குத்தான் அந்தக் கேள்வி முதன்முதலாக நேராக வந்து நின்றிருக்கும். எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உறவுக்காரப் பெண்கள் சமையல் குறிப்புக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். அவருடைய மாமா கே.வி.கிருஷ்ணசாமி ஐயர், புத்தகமாகவே போட்டுவிடேன் என்று தூண்டினார். இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண் எழுதிய அந்தப் புத்தகம் கல்யாணச் சீரில் போய்ச் சேர்ந்தது. புத்தகம் இருந்த இடத்தில் பின்னாளில் பத்திரிகை இணைப்புகள் வந்தன. 30 வகை தோசை, 30 வகை உப்புமா என்று. முப்பது வகை உப்புமாவை யார் கேட்டார்கள் என்று மட்டும் தெரியவில்லை :-)

விடுதிக்கு வந்த பிறகு நூலகத்தில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரின் புத்தகம் ஒன்று கிடைத்தது. 1983ல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை'. அமெரிக்க வீடுகளில் அடுப்பு, துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வந்தபோது வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை என்கிறார். இயந்திரம் வந்ததும் எதிர்பார்ப்பு கூடிவிட்டது, ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கும் குறைந்தது. நல்ல மாவு வந்ததும் ஒரே மாதிரி ரொட்டி போய்ப் பலவகை ரொட்டியும் கேக்கும் வந்தது, அடுப்பு நவீனமானதும் ஒரே பானையில் கொதித்த சாப்பாடு போய்ப் பல பதார்த்தங்கள் வந்தன என்று காட்டுகிறார்.

படித்துக்கொண்டிருந்தபோதே எனக்கு அந்த டைரியின் வருடம் உறைத்தது. 2012.

2011 செப்டம்பரில் தமிழக அரசு ரேஷன் கார்டுக்காரர்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. இன்றும் அந்த கிரைண்டர்தான் ஓடுகிறது. அதற்கு முன்னால் எப்படி என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "கடையில கொடுத்து அரைப்போம்டா, மாசத்துக்கு ரெண்டு தடவை. மத்த நாள் ராத்திரி மத்தியானச் சோறும் அப்பளமும்தான். தயிர் ஊத்திச் சாப்பிடுவ. ஒண்ணும் சொல்லமாட்ட." நான் ஒன்றும் சொல்லமாட்டேனாம்! ஒன்பது வயதில் "இன்னிக்கும் தோசையா" என்று கேட்டவன், ஏழு வயதில் தயிர்சோற்றை வாயைத் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறேன். கிரைண்டர் வந்த மறுவருடம் பட்டியல் வந்திருக்கிறது. பட்டியல் வந்த பிறகுதான் என் புகாரும் வந்திருக்கிறது.

அப்பத்தா வருடத்துக்கு மூன்று தடவை மாவு ஆட்டினார், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம். அம்மா வாரம் தவறாமல் ஊறவைத்து, கழுவி, ஆட்டி, எடுத்து, கிரைண்டரைக் கழுவி வைக்கிறார். கைவலி யாருக்கு அதிகம் என்பது தெளிவு. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் அம்மாதான் அதிகம். இதனால் ஆட்டுக்கல்லே நல்லது என்று நான் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பத்தாவிடம் ஒரு தடவை அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "இந்தா கெடக்கு கொல்லையில. வந்து உக்காரு, ரெண்டு படி ஆட்டு, அப்புறம் பேசு" என்றார். உட்கார்ந்தேன். இருபது நிமிடம் தாண்டவில்லை. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்களே நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான். கடையில் பாக்கெட் மாவு வந்துவிட்டதே என்றும் ஒருவர் கேட்கலாம். வந்துவிட்டது. ஆட்டும் வேலையை அது எடுத்துக்கொண்டது. யோசிக்கும் வேலையை எந்தக் கடையிலும் விற்பதில்லை. சட்னி நேற்று தேங்காய் என்றால் இன்று தக்காளியா காரமா, அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் உளுந்து சேர்ந்தது ஒத்துக்கொள்ளுமா, சின்னவன் முகத்தைச் சுளிப்பானா. இது எந்தக் கணக்கெடுப்பில் நிமிடமாக வரும் என்று தெரியவில்லை.

டைரியில் ஒரு விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே பலகாரத்தின் பெயர் இல்லை, 'மாவு ஆட்டணும்' என்று மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நாங்கள் என்ன சாப்பிட்டோம்? அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. அண்ணன் புரோட்டா வாங்கி வருவோம் என்றான். அம்மாவிடம் கேட்டேன். "உங்களுக்கு அப்பா புரோட்டா வாங்கிட்டு வருவாரு. நான் மத்தியானச் சோத்துல தண்ணி ஊத்திச் சாப்பிட்டுட்டு மாவை வழிப்பேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

போன மாதம் நான்கு நாள் விடுமுறையில் மறுபடியும் ஊருக்குப் போனேன். அந்த நான்கு ராத்திரிகளுக்கும் என்ன என்று நானே யோசித்து நானே செய்வதாக ஒப்புக்கொண்டேன். வியாழன் சப்பாத்தி. இந்திய வரைபடம் மாதிரி இருந்தது, பரவாயில்லை. வெள்ளி உப்புமா. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்படியில் நின்று அரை மணி நேரம் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் புளித்த மாவு இருந்தது. வெங்காயம் நறுக்கி ஊத்தப்பம் ஊற்றினேன்.

அப்பத்தா ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னிக்கும் தோசையா?" என்றார்.